பில் மெஷின் ஏன் நின்றது? வியாபாரி தெரிந்திருக்க வேண்டிய சில நெட்வேர்க் சொற்கள்

2024ஆம் ஆண்டு நோன்பின் கடைசிச் சனிக்கிழமை. பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்த வருடம் அது. புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர்களுக்கு அந்த நாள் எப்படியிருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து கல்லாவில் உட்காருகிறேன், முதலாம் கவுன்டரில் பில் அடிக்கும் பையன் எழுந்து நிற்கிறான்.

"ஹாஜியார், மெஷின் சேர்வரைப் பிடிக்குதில்லை."

இரண்டாம் கவுன்டரும் அப்படியே. மூன்றாம் கவுன்டர் மட்டும் வேலை செய்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்னர் கரண்ட் ஒரு தடவை போய் வந்திருந்தது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே வரிசைக்கு வந்தார்கள். பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கையால் எழுதத் தொடங்கினோம். கையால் எழுதினால் ஸ்டொக் குறையாது, விலை தவறும், கழிவு மறந்து போகும். அன்றிரவு கணக்குப் பார்த்தபோது அது எல்லாம் நடந்திருந்தது.

வழக்கமாக வரும் டெக்னிஷியனுக்குப் போன் எடுத்தேன். ஆள் வெளியூரில். போனிலேயே விசாரித்துவிட்டு, "கரண்ட் போய் வந்ததில் சுவிட்ச் அடிபட்டிருக்கும், சேர்வரும் பழசு, இரண்டையும் மாற்றுவதுதான் சரி" என்றார். இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா. பாதியை முற்பணமாகப் போட்டால் திங்கட்கிழமை பூட்டித் தருவாராம். நான் சரி என்று சொல்லும் நிலையில்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால், மறுத்துக் கதைக்க என்னிடம் ஒரு சொல்லும் இருக்கவில்லை. சுவரில் பூட்டியிருக்கும் பெட்டிகளில் எது சுவிட்ச், எது ரவுட்டர் என்றே எனக்குத் தெரியாது. துணியில் ஒரு நூல் குறைந்தால் கையால் தடவிச் சொல்லும் நான், என் கடையின் நரம்பு எங்கே ஓடுகிறது என்று அறியாமல் பத்து வருடம் வியாபாரம் செய்திருக்கிறேன்.

நோன்பு திறந்த கையோடு என் தங்கையின் மகன் வந்தார். தனியார் கம்பனியொன்றில் கணனிப் பிரிவில் வேலை செய்பவர். வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

"மாமா, மூணாவது கவுன்டர் வேலை செய்யுதுதானே? அது சேர்வரோட கதைக்குதெண்டா சேர்வரும் நல்லம், சுவிச்சும் நல்லம். அதை ஏன் மாத்தோணும்?"

பிறகு ஒவ்வொரு மெஷினிலும் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். எண்களை ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். சேர்வர்: 192.168.1.10. மூன்றாம் கவுன்டர்: 192.168.1.23. முதலாவதும் இரண்டாவதும்: 192.168.0.101, 192.168.0.102. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0. "இந்த ரெண்டுக்கும் யார் இந்த நம்பர் குடுத்தது?" என்று கேட்டுக்கொண்டே மேல்மாடிக்கு ஏறினார்.

மேலே துணிச் சுருள்களுக்குப் பின்னால் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி மினுங்கிக்கொண்டிருந்தது. மேல்மாடியில் போனுக்கு வைபை எட்டுவதில்லை என்று, விற்பனைப் பையன் ஒருவன் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரிலிருந்த கேபிள் துளையில் செருகியிருக்கிறான். நல்லெண்ணத்தில் செய்தது. அதைக் கழற்றிவிட்டு இரண்டு கவுன்டர்களையும் அணைத்துப் போட்டார். பில் வந்தது. பத்து நிமிடம். செலவு, மருமகன் சாப்பிட்ட ரோல்ஸ் மட்டும்.

அன்றைய இரவிலிருந்து இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்தேன். படித்ததை என்னைப் போன்ற வியாபாரிகளுக்கு விளங்கும் விதத்தில் எழுதுகிறேன். கணனி படித்தவர்கள் குறை சொன்னால் பரவாயில்லை.

ஒரு கடைக்குள், ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் கணனி, பிரின்டர், கமரா, கைபேசி எல்லாம் ஒன்றோடொன்று தொடுக்கப்பட்டிருந்தால் அதற்கு லேன் என்று பெயர். உள்ளூர் வலையமைப்பு. ஊர் விட்டு ஊர் போகும் தொடர்புக்கு வேன் என்று பெயர். (லொறி, வேன் அல்ல. அந்தச் சந்தேகம் எனக்கும் வந்தது.) லேனுக்கு நடுவில் இருக்கும், பல துளைகள் கொண்ட பெட்டிதான் சுவிட்ச். எல்லாக் கேபிள்களும் அதில் வந்து சேரும். ஒவ்வொரு சாதனத்துக்கும் தொழிற்சாலையிலேயே மெக் முகவரி என்று 12 எழுத்துள்ள இலக்கம் ஒன்றைப் போட்டு அனுப்புகிறார்கள், லொறியின் செசி இலக்கம் போல. எந்தத் துளைக்குப் பின்னால் எந்தச் செசி இலக்கம் நிற்கிறது என்று சுவிட்ச் தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். கேபிளைப் பற்றி ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: சாதாரண செப்புக் கேபிளுக்கு 100 மீற்றர்தான் எல்லை. அதற்கு அப்பால் இருக்கும் களஞ்சியத்துக்கு ஒரே இழுப்பில் கேபிள் இழுத்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் யோசியுங்கள்.

செசி இலக்கம் எங்கே போனாலும் மாறாது. ஆனால் கடிதம் போடுவதற்கு வீதிப் பெயரும் கடை இலக்கமும் வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. நம்முடையதைப் போன்ற சிறு கடைகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்களும் சேர்ந்து வீதியின் பெயர், கடைசி எண் கடை இலக்கம். என் சேர்வர் 192.168.1 என்ற வீதியில் 10ஆம் இலக்கத்தில் இருக்கிறது. அன்று இரண்டு கவுன்டர்களும் 192.168.0 என்ற வேறு வீதிக்குக் குடிபோய்விட்டன. பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தாலும் அவற்றின் கணக்கில் சேர்வர் அடுத்த வீதியில். கூப்பிட்டால் கேட்காது.

யார் குடிமாற்றியது? ஒரு மெஷினைப் போட்டவுடன் அது "எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று கேபிள் முழுக்கக் கேட்கும்படி கூப்பிடும். ரவுட்டர் அதைக் கேட்டு ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்குக் கொடுக்கும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ஒரு கடைக்குள் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். பையன் கொண்டுவந்த பெட்டியும் முகவரி கொடுக்கும் பெட்டிதான். கரண்ட் திரும்பி வந்தபோது எங்கள் பெரிய ரவுட்டர் எழும்ப இரண்டு நிமிடம் எடுத்தது, சின்னப் பெட்டி அரை நிமிடத்தில் எழும்பிவிட்டது. கவுன்டர்கள் கூப்பிட, அது முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டது. மூன்றாம் கவுன்டர் தப்பியதற்குக் காரணம், முன்னொரு தடவை பிரின்டர் பிரச்சினை வந்தபோது யாரோ அதற்கு மட்டும் கையால் நிலையான முகவரி எழுதி வைத்திருந்தார்கள். அது யாரிடமும் முகவரி கேட்பதில்லை.

இப்போது என் கடையில் சேர்வர், மூன்று கவுன்டர்கள், பிரின்டர்கள், கமராப் பெட்டி எல்லாவற்றுக்கும் நிலையான முகவரி. கைபேசிகளும் வந்து போகிறவர்களின் மடிக்கணனிகளும் மட்டுமே டி.எச்.சி.பி.யில் முகவரி எடுக்கின்றன. வாடிக்கையாளருக்கு வைபை கொடுப்பதாக இருந்தால் அதை விருந்தினர் வலையமைப்பாகத் தனியாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளரைக் கடைக்குள் விடுவோம், கல்லாவுக்குப் பின்னால் விடுவோமா?

192.168 என்று தொடங்கும் முகவரியை உங்கள் கடையிலும் பார்ப்பீர்கள், பக்கத்துக் கடையிலும் பார்ப்பீர்கள். எல்லோருக்கும் எப்படி ஒரே வீதிப் பெயர்? இந்த எண்கள் உள்வீட்டுப் பாவனைக்கென்று ஒதுக்கப்பட்டவை, வெளியே செல்லுபடியாகாது. வெளியுலகத்துக்கு உங்கள் கடை முழுவதற்கும் சேர்த்துத் தொலைபேசிக் கம்பனி ஒரு முகவரி கொடுக்கும். சில இணைப்புகளில் அதையும் பலரோடு பங்குபோட்டுத்தான் தருகிறார்கள். உள்ளேயிருந்து போகும் கடிதத்தை வாங்கி, வெளி முகவரி எழுதி அனுப்பி, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பது ரவுட்டரின் வேலை. நமது தொடர்மாடிகளில் கீழே இருக்கும் காவலாளி செய்வது போல. இப்படிச் சிக்கனம் பண்ணுவதற்குக் காரணம் ஸ்டொக் தட்டுப்பாடு. நான்கு எண் முகவரிகள் மொத்தம் ஏறக்குறைய 429 கோடிதான். ஆசிய பசுபிக் பிராந்தியத்தின் பங்கு 2011 ஏப்ரலில் கடைசி அடுக்குக்கு வந்துவிட்டது. இதைவிட மிக நீளமான புதிய முகவரி முறையும் வந்துவிட்டது. அது ஆறாம் பதிப்பு. கடைக்காரர் இப்போதைக்கு அதற்காகத் தலையைப் போட்டு உடைக்க வேண்டியதில்லை.

முகவரி இருந்தால் போதாது, கதைக்கும் முறை ஒன்றும் வேண்டும். அதற்குத்தான் புரொட்டகோல் என்கிறார்கள், தமிழில் நெறிமுறை. நாம் போனை எடுத்து ஸலாம் சொல்கிறோம், மறுபக்கம் பதில் ஸலாம் வருகிறது, பிறகுதான் விலை கதைக்கிறோம். பதில் ஸலாம் வராவிட்டால் லைன் கட் என்று வைத்துவிடுகிறோம். இதை யாரும் சட்டமாக எழுதவில்லை, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே ஒழுங்கில் நடப்பதால் காரியம் ஓடுகிறது. கணனிகளுக்கு அந்த ஒழுங்கை எழுதித்தான் வைக்க வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த வின்ட் சேர்ப், ரொபர்ட் கான் என்ற இருவர் 1974இல் அப்படி ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். அது வளர்ந்து ரி.சி.பி., ஐ.பி. என்ற இரட்டை நெறிமுறையாயிற்று. 1983 ஜனவரி 1ஆம் திகதி, இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் முழுவதும் அதற்கு மாறியது. இன்றும் உங்கள் பில் மெஷின் சேர்வரோடு கதைப்பது அந்த நெறிமுறையில்தான்.

அதன் முறை நமது சரக்கு அனுப்பும் முறையேதான். நீங்கள் வட்சப்பில் 3 மெகாபைட் அளவுள்ள துணி மாதிரிப் படம் ஒன்றை அனுப்பினால் அது முழுதாகப் போவதில்லை. 1,500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொதிகளாக, ஏறக்குறைய 2,000 துண்டாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொதியிலும் அனுப்புபவர் முகவரி, பெறுபவர் முகவரி, இது எத்தனையாவது பொதி என்ற விபரம் எல்லாம் உண்டு. முகவரி பார்த்து வழி நடத்துவது ஐ.பி.யின் வேலை. எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்குவது ரி.சி.பி.யின் வேலை. 700ஆவது பொதி வரவில்லை என்றால் அதை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லும், முன்பின்னாக வந்தால் அடுக்கி வைக்கும். கையெழுத்து வாங்காமல் போட்டுவிட்டுப் போகும் இன்னொரு முறையும் உண்டு, யு.டி.பி. என்று பெயர். குரல் அழைப்பு, வீடியோ அழைப்பு பெரும்பாலும் அதில்தான் போகும். கதைக்கும்போது ஒரு எழுத்து விழுந்துவிட்டால் திரும்ப அனுப்பச் சொல்லிக் காத்திருக்க நேரமில்லை. அதனால்தான் அழைப்பில் குரல் உடைகிறது, பில்லில் எண் உடைவதில்லை.

இனி, உடனடியாகப் பயன்படும் ஒரு வித்தை. "இன்டர்நெட் இல்லை" என்று கடையில் சத்தம் கேட்டவுடன் நாம் தொலைபேசிக் கம்பனிக்குப் போன் எடுத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். அதற்கு முன் மூன்று கதவைத் தட்டிப் பார்க்கலாம். கறுப்புத் திரையில் பி, ஐ, என், ஜி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு, முதலில் உங்கள் ரவுட்டரின் முகவரியைப் போடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். இதற்குப் பிங் பண்ணுவது என்று பெயர். "நீ இருக்கிறாயா?" என்று கேட்பதுதான். பதில் வராவிட்டால் கோளாறு உங்கள் கடைக்குள்ளே. கேபிளைப் பாருங்கள், சுவிட்சைப் பாருங்கள், யாராவது மேல்மாடியில் பெட்டி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். பதில் வந்தால் அடுத்ததாக 8.8.8.8 என்ற முகவரியைத் தட்டுங்கள். இது கூகுள் 2009 முதல் பொதுமக்களுக்காக நடத்தும் சேவையொன்றின் முகவரி. இதற்குப் பதில் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் வெளி லைனில். இப்போது கம்பனிக்குப் போன் எடுங்கள். "ரவுட்டர் வரைக்கும் பிங் வருகிறது, வெளியே போகவில்லை" என்று சொல்லுங்கள். "அணைத்துப் போட்டுப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்ப முடியாது.

இரண்டும் பதில் சொல்லியும் இணையப் பக்கம் திறக்கவில்லை என்றால் மூன்றாவது கதவு டி.என்.எஸ். நாம் பெயரைத் தட்டுகிறோம், கணனிக்கு எண் வேண்டும். பெயரைக் கொடுத்து எண் வாங்கும் விலாசப் புத்தகம்தான் அது. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் இதை வகுத்தார். அதற்கு முன் உலகத்திலுள்ள கணனிகளின் பெயர் எல்லாம் ஒரே கோப்பில் எழுதப்பட்டு, எல்லோரும் அதைப் பிரதி எடுத்தார்களாம். அவ்வளவு சின்ன உலகம். விலாசப் புத்தகத்தில் யாராவது கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை நமது நாட்டிலேயே பார்த்தோம். 2021 பெப்ரவரி 6ஆம் திகதி, டொட் எல்.கே. என்று முடியும் சில முகவரிகளின் பதிவுகள் மாற்றப்பட்டு, கூகுளின் இலங்கைப் பக்கத்தைத் தேடியவர்கள் கூட வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். கூகுளின் கணனிக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தகத்தில் எண்தான் மாறியிருந்தது.

இன்னொரு சொல் போர்ட். துறைமுகம் இல்லை, கதவு இலக்கம். வங்கிக்குள் போனால் காசுக்கு ஒரு கவுன்டர், காசோலைக்கு ஒரு கவுன்டர். அதுபோல ஒரே கணனியில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு இலக்கம். இணையப் பக்கத்துக்கு 80, பூட்டுப் போட்ட இணையப் பக்கத்துக்கு 443, மின்னஞ்சல் பரிமாற்றத்துக்கு 25. கடைக்காரர் பயப்பட வேண்டிய இலக்கம் 3389. வீட்டிலிருந்தே கடைக் கணனியின் திரையைப் பார்க்க வசதியாக, சில டெக்னிஷியன்மார் ரவுட்டரில் இந்தக் கதவை உலகத்துக்கே திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். கமராவைப் போனில் பார்க்க வேண்டும் என்று நாம் கேட்டால் அதற்கும் ஒரு கதவு திறப்பார்கள், பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றாமலே. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் திருடர்கள் திறந்திருக்கும் கதவுகளை இரவு பகலாகத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் டெக்னிஷியனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "வெளியிலிருந்து உள்ளே வர எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கு?" ஒன்றும் இல்லை என்பது நல்ல பதில். தெரியாது என்பது கெட்ட பதில்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 100 எம்.பி.பி.எஸ். பெக்கேஜ் எடுத்தால் ஒரு வினாடிக்கு 100 மெகாபைட் வரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அவர்கள் சொல்வது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே உச்சமாக 12.5 மெகாபைட்தான். பொய் சொல்லவில்லை, இறாத்தலில் சொன்னதை நாம் கிலோவாகக் கேட்டுக்கொண்டோம்.

இதுவரை சொன்னது கடை நிற்காமல் ஓடுவதற்கான விடயம். இனிச் சொல்வது முதல் போகாமல் இருப்பதற்கான விடயம்.

எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் சீனாவிலிருந்து துணி இறக்குபவர். 2019ஆம் ஆண்டு, வழக்கமாக வாங்கும் இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இன்வொய்ஸ் இலக்கம் சரி, தொகை சரி, எழுதும் நடை கூட அதே நடை. "எங்கள் கணக்கில் கணக்காய்வு நடப்பதால் இம்முறை இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மட்டும் புதிதாக இருந்தது. 11,400 டொலர் அனுப்பினார். அன்றைய விலையில் இருபது இலட்சம் ரூபாவுக்கு மேல். பன்னிரண்டு நாள் கழித்து உண்மையான ஆள் போன் எடுத்து, காசு இன்னும் வரவில்லையே என்றபோதுதான் விளங்கியது. வங்கிக்கு ஓடினார். நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள் என்றார்கள். அது உண்மைதானே. மறுபக்கத்தில் போய்ச் சேர்ந்த அன்றே காசு எடுக்கப்பட்டிருந்தது. உன் பக்கத்துக் கவனக்குறைவு என்று இவர் சொல்ல, உன் பக்கம் என்று அவர் சொல்ல, இருபது வருடக் கொடுக்கல் வாங்கல் அத்தோடு முடிந்தது. காசு போனதை விட அதைத்தான் அவர் இன்றும் சொல்லி வருந்துகிறார்.

இது எப்படி நடக்க முடியும் என்று மருமகனிடம் கேட்டேன். மின்னஞ்சலைக் கொண்டுபோகும் நெறிமுறைக்கு எஸ்.எம்.ரி.பி. என்று பெயர். ஜோன் பொஸ்டல் என்பவர் 1982இல் எழுதியது. அப்போது அந்த வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளரும்தான், ஏறக்குறைய எல்லோரும் தெரிந்தவர்கள். ஆகவே அனுப்புபவர் சொல்லும் பெயரை அது அப்படியே நம்பும். தபால் உறையின் பின்பக்கத்தில் எவர் பெயரையும் எவரும் எழுதலாம், தபால்காரர் அடையாள அட்டை கேட்பதில்லை. அதே கதைதான்.

அந்த ஓட்டையை அடைக்கப் பின்னாளில் மூன்று பூட்டுகள் வந்தன: எஸ்.பி.எப்., டி.கிம், டிமார்க். உங்கள் கம்பனிப் பெயரில் எந்தெந்தச் சேர்வர் கடிதம் அனுப்பலாம் என்ற பட்டியல் முதலாவது. கடிதத்தில் போடும் முத்திரை இரண்டாவது. இவை சரிவராத கடிதத்தை என்ன செய்வது என்று பெறுபவருக்குச் சொல்லும் கட்டளை மூன்றாவது. கம்பனிப் பெயரில் மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் மூன்றும் போட்டிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளருக்கு எவனும் கடிதம் எழுதலாம்.

ஆனால் அந்த நண்பருக்கு நடந்தது இந்தப் பூட்டுகளாலும் நிற்காது. பிறகு பார்த்ததில், சீனாக்காரரின் மின்னஞ்சல் பெட்டிக்குள் எவனோ பாஸ்வேர்டைத் திருடி நுழைந்து, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டு இருந்திருக்கிறான். இன்வொய்ஸ் தயாரானவுடன், ஒரே ஒரு எழுத்து வித்தியாசமான முகவரியொன்றிலிருந்து அனுப்பியிருக்கிறான். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் எம் போலவே தெரியும், சின்னத் திரையில் எவர் கண்ணுக்கும் பிடிபடாது. அந்த முகவரி அவன் காசு கொடுத்துப் பதிவு செய்த உண்மையான முகவரி. அதற்கு மூன்று பூட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பான்.

இணையப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படமும் இப்படித்தான். எச்.ரி.ரி.பி. என்பது இணையப் பக்கம் கொண்டுவரும் நெறிமுறை, கடைசியில் ஒரு எஸ் சேர்ந்தால் இடையில் எவரும் வாசிக்க முடியாதபடி மறைத்துக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். வங்கி வேலைக்கு அது கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் கடைக்காரர் நேர்மையானவர் என்பதற்கு அது சான்று இல்லை. அந்தப் பூட்டுக்கான சான்றிதழை 2015 முதல் இலவசமாகவே எடுக்கலாம், திருடனும் எடுப்பான். மூடிய லொறியில் வந்த சரக்கு என்பதால் நல்ல சரக்கு என்று நாம் வாங்குவதில்லையே.

ஆகவே நான் என் கடையில் வைத்திருக்கும் ஒழுங்கு இது. வங்கிக் கணக்கு மாறியதாக எந்த வழியில் செய்தி வந்தாலும், வட்சப்பில் வந்தாலும் கூட, அந்தச் செய்தியில் இருக்கும் இலக்கத்துக்கு இல்லாமல், பழைய விசிட்டிங் கார்டில் இருக்கும் இலக்கத்துக்குப் போன் எடுத்து, ஆளின் குரலைக் கேட்டு, கணக்கு இலக்கத்தைச் சொல்லவைத்துச் சரிபார்ப்போம். கணக்குப்பிள்ளைக்கு அவசரம் என்றாலும் எனக்கு அவசரம் என்றாலும் இதில் மாற்றமில்லை. மின்னஞ்சலுக்குள் நுழைய பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இலக்கமும் வேண்டும் என்று மாற்றியிருக்கிறோம். மாதம் ஒரு தடவை மின்னஞ்சல் அமைப்புக்குள் போய், வரும் கடிதங்களைத் தானாக வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் கட்டளை எதுவும் இருக்கிறதா என்று பார்க்கிறோம். நுழைந்தவன் முதலில் செய்யும் வேலைகளில் அது ஒன்று.

கல்லாவுக்குப் பின்னாலுள்ள அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்தப் பெட்டி ரவுட்டர், எந்தப் பெட்டி சுவிட்ச், எந்தச் சாதனத்துக்கு எந்த ஐ.பி., எந்தக் கேபிள் எந்தத் துளைக்கு, கம்பனியில் நமது கணக்கு இலக்கம் என்ன, எல்லாம் அதில். ரவுட்டரின் பாஸ்வேர்ட் மட்டும் அதில் இல்லை, அது இரும்புப் பெட்டிக்குள். தாள் எழுத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதுமாக இருந்தது.

மேல்மாடிப் பையனை நான் ஏசவில்லை. அவன் செய்த பிழை, கேபிளை வேன் என்று எழுதிய துளையில் போடாமல் லேன் என்று எழுதிய துளையில் போட்டது. வேன் துளையில் போட்டிருந்தால் பெட்டி தன் பாட்டில் மேலே இருக்கும் போன்களுக்கு மட்டும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கும். மருமகன் அதே பெட்டியில் முகவரி கொடுக்கும் வேலையை நிறுத்தி, வைபை தரும் வேலையை மட்டும் விட்டு, திரும்பவும் மேலே பூட்டிக் கொடுத்தார். இப்போது மேல்மாடியில் இருந்தே துணியைப் படம் பிடித்து வாடிக்கையாளருக்கு அனுப்புகிறார்கள்.

டெக்னிஷியனும் அதே ஆள்தான். நல்ல மனிதர், அன்று தூரத்திலிருந்து ஊகித்தார், அவ்வளவுதான். சென்ற மாதம் ஒரு பிரின்டர் நின்றபோது போன் எடுத்தேன். விலை எதுவும் சொல்லவில்லை. "ஹாஜியார், அதுக்குப் பிங் வருதா?" என்றுதான் முதலில் கேட்டார்.